மரத்தைத் தொடாத கத்தி

நம் பழைய சமையற்கட்டில் கத்தி அசைவதில்லை, காயே அசையும். அரிவாள்மணையின் அமைப்பு அத்தகையது. மணையின்மீது ஒரு காலை மடித்து அமர்ந்து, மேல்நோக்கி வளைந்து நிற்கும் அலகின்மேல் கத்தரிக்காயையோ வாழைத்தண்டையோ இரு கைகளாலும் செலுத்துவர். அரிந்த துண்டுகள் கீழேயுள்ள நீர்ப்பாத்திரத்தில் நேரே விழும். அங்கே பலகைக்கு வேலையில்லை. ஆகவே, காய் அரிவதற்கென ஒரு பலகையும் அதற்கென ஒரு பெயரும் நம் வீடுகளில் நெடுங்காலம் தேவைப்படவில்லை. இன்று நம் மாணாக்கர் 'வெட்டும் பலகை' என்கின்றனர். சிலர் 'நறுக்குப்பலகை' என்றும் எழுதுகின்றனர். இரண்டும் ஏற்கத்தக்கனவே. எனினும் இரண்டாவதைக் கண்டால் என் கை அரை மதிப்பெண் கூட்டிப் போடும். காயை நறுக்குவதும் மரத்தை வெட்டுவதுமே தமிழ் மரபு.

இறைச்சியின் நிலை வேறு. அதற்குப் பலகை வேண்டும், பெயரும் பழமையானதே. பதிற்றுப்பத்தின் மூன்றாம் பத்தில், பாலைக் கௌதமனார் பாடிய பாட்டொன்றில், 'ஊனம்' என்றொரு சொல் வருகிறது. இறைச்சி கொத்தும் மரம் என்று அதற்கு உரை கூறுவர். குறைபாட்டைச் சுட்டும் ஊனம் வேறு. இது ஊன் என்னும் சொல்லின் வழிவந்தது. மாணாக்கர் இவ்விரண்டையும் மயக்கிக்கொள்வதுண்டு. ஆசிரியர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

தமிழ்நாட்டுக் கறிக்கடைகளில் இந்த ஊனம் இன்றும் புளியங்கட்டையாக நிற்கிறது. கிள்ளான் சந்தையிலும் சீனக் கடைகளிலும் அதன் உறவினரைக் காணலாம். அடிமரத்தைக் குறுக்கே அறுத்தெடுத்த வட்டக் கட்டை அது. குறுக்கே அறுப்பதில் ஒரு நுட்பம் உண்டு. அப்போது மரத்தின் நார்கள் நிமிர்ந்து நிற்கும். வீழும் கத்தி நாரை அறுக்காமல் நார்களுக்கிடையே புகுந்து மீளும். கத்தியும் விரைவில் மழுங்காது. நெடுக்கே அறுத்த பலகையிலோ ஒவ்வொரு வெட்டும் நாரின் குறுக்கே விழுந்து வடுவாகும்.

நான் பிறந்து வளர்ந்தது கிள்ளானை அடுத்த ஓர் இரப்பர்த் தோட்டத்தில். எங்கள் லயத்து வீட்டில் மரச்சாமான் என்று சொல்ல அரிவாள்மணை, தேங்காய் துருவும் மணை, ஒரு முக்காலி, சாமிப்படத்திற்கு ஒரு பலகை ஆகியவையே இருந்தன. தோட்டத்து ஆசாரி அவற்றைச் செய்து கொடுத்தார். அவற்றுள் ஒன்றுகூட இரப்பர் மரத்தால் ஆனதன்று. வாசலைத் திறந்தால் கண்ணுக்கெட்டிய தொலைவுவரை நிரை நிரையாய் இரப்பர் மரங்கள். வீட்டினுள் அடுப்பில் எரியும் விறகாக மட்டுமே அம்மரம் நுழையும். "பால்மரம் வெறகுக்குத்தான் ஆகும்" என்பார் என் அம்மா. அம்மா அத்தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர்.

அவர் சொன்னது அக்காலத்திற்கு உண்மையே. இரப்பர் மரத்தில் மாச்சத்து மிகுதி. அறுத்த சில நாள்களிலேயே நீலம் பூத்தாற்போல் பூஞ்சணம் படரும். பின்னர் வண்டு துளைக்கும். எனவே இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பால் தந்து ஓய்ந்த மரங்களை மறுநடவுக்காகச் சாய்த்தபோது, அவற்றை நிலத்திலேயே எரித்தனர். அல்லது இரப்பர்த் தாள்களைப் புகையூட்டும் புகைக்கூடத்திற்கும் செங்கற்சூளைக்கும் விறகாக அனுப்பினர். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டுசென்ற விதைகளின் வழித்தோன்றல்கள் 1877இல் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றுட் சில கோலகங்சாரில் ஊன்றப்பட்டன. அன்றுதொட்டு ஏறத்தாழ நூறாண்டுக் காலம் இந்நாட்டில் அம்மரத்தின் பாலுக்கே மதிப்பு, மேனிக்கு மதிப்பில்லை.

அது மாறியது பிற்பாடுதான். கெப்போங் வன ஆய்வு நிலையம் இம்மரத்தைப் பற்றி ஆராய்ந்து வந்தது. அறுத்த உடனே போரான் உப்புகளை அழுத்தத்தால் உள்ளே செலுத்திச் சூட்டறையில் உலர்த்தினால் மரம் கெடாது என்பது நடைமுறைக்கு வந்தது. காட்டு மரங்கள் அரிதாகிக்கொண்டிருந்த 1980களில், மேசை நாற்காலி செய்யும் பெருந்தொழிலுக்கு இரப்பர் மரமே முதலாயிற்று. ஆனால் அதே காலத்தில் எங்கள் பக்கத்து இரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் விட்டுக்கொண்டிருந்தன. 1978இல் சிலாங்கூரின் தலைநகரான ஷா ஆலாம் முன்பு சுங்கை ரெங்கம் தோட்டம். 1976இல் எழத் தொடங்கிய சுபாங் ஜெயா முன்பு சீபீல்டு தோட்டம். மரத்திற்கு விலை ஏறியபோது, அம்மரத்தின் அடியில் நின்றவர்கள் அங்கே இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு பிரிக்ஃபீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலைப் பக்கத்துப் பாத்திரக்கடை ஒன்றில், அரிவாள்மணை தேடினேன். கடைக்காரர் பரணிலிருந்து தூசி தட்டி ஒன்றை எடுத்துத் தந்தார். முன்வரிசையிலோ பொன்னிறப் பலகைகள் பளபளத்தன. சீட்டைத் திருப்பிப் பார்த்தேன்: இரப்பர் மரம். அருகிலிருந்த நெகிழிப் பலகையைவிட விலை மும்மடங்கு. பலகையை உற்றுநோக்கினால் அது ஒரே பலகையன்று, குறுகிய கீற்றுகளைப் பசையிட்டு ஒட்டியது என்பது விளங்கும். இரப்பர் மரத்திலிருந்து நீண்டு அகன்ற குறையற்ற பலகை எளிதில் கிடைப்பதில்லை. எனவே துண்டு துண்டாக இணைக்கின்றனர்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இழைப்புளியும் உளியும் பிடித்துப் பழகிய கை எனக்கு. கடைப்பலகையை வாங்காமல் நானே ஒன்று செய்ய எண்ணினேன். கிள்ளானில் அறைகலன் செய்யும் பட்டறை ஒன்றில் கழித்துப் போட்ட துண்டுகளைக் கேட்டேன். மருந்து ஏற்றிய மரத்தில் உணவை வைக்க மனம் ஒப்பாததால், சூட்டில் உலர்த்தியதோடு நின்ற துண்டுகளையே பொறுக்கினேன். அவற்றைக் கீற்றுகளாக அறுத்து, நார் நிமிர்ந்து நிற்குமாறு அடுக்கி ஒட்டி, கவ்வியால் இறுக்கி ஓரிரவு விட்டேன். இழைப்பதுதான் பெரும்பாடு. நிமிர்ந்த நாரின்மேல் இழைப்புளி வழுக்காது, விளிம்பைப் பெயர்த்துவிடும். நான்கு மாலைகள் உப்புத்தாளால் தேய்த்தே சமனாக்கினேன்.

மரப்பலகையில் கிருமி தங்காதா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. 1990களின் தொடக்கத்தில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டீன் கிளைவர் குழுவினர் இதனை ஆராய்ந்தனர். மரத்தின் மேற்பரப்பிலிருந்து உள்ளே உறிஞ்சப்பட்ட கிருமிகள் பெருகவில்லை என்றும், கத்தி வடுப்பட்ட நெகிழியைக் கையால் கழுவித் தூய்மையாக்குவது கடினம் என்றும் கண்டனர். அதற்காக மரத்தைக் கழுவாமல் விடலாகாது. நீரில் ஊறவைக்கவும் கூடாது. கழுவி, துடைத்து, நிமிர்த்தி வைத்தால் போதும்.

பலகையை அம்மாவிடம் கொண்டுசென்றேன். என்ன மரம் என்று சொல்லவில்லை. எண்பதைக் கடந்த அவர் அதனை மடியில் வைத்துத் தடவினார். ஓரத்துக் கீற்று ஒன்றில் கறுத்த நெளிவு ஒன்று ஓடியிருந்தது. அழகாக இருக்கிறதென்று நான் விட்டுவைத்தது. அம்மாவின் விரல் அங்கே நின்றது.

"காயம்பட்ட மரம் தம்பி இது. யாரோ கத்தியை ஆழ விட்டிருக்காங்க."

பால் சீவுதலின் முழுத் திறமையும் அதில் அடங்கியிருக்கிறது. பால் நாளங்கள் உட்பட்டையில் உள்ளன. பட்டையை அவ்வளவு ஆழம் சீவ வேண்டும். ஆனால் அதற்கு உள்ளே மரத்தோடு ஒட்டியிருக்கும் மென்படலத்தைத் தொடலாகாது. தொட்டால் பட்டை புடைத்து வளரும். அடுத்த சுற்றில் அவ்விடத்தில் சீவ இயலாது. மேற்பார்க்க வரும் கங்காணி முதலில் தேடுவது காயத்தைத்தான். முப்பது ஆண்டுகள், நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்கள், கத்தி மரத்தில் படாதிருக்க வேண்டும் என்பதே அம்மாவின் கவலை. அந்த மரத்தின்மேல் கத்தியைப் போட்டு வெங்காயம் நறுக்கச் சொல்கிறேன் நான்! அவர் சிரித்தார். பலகையில் சப்பாத்தி மாவைப் பிசைந்து உருட்டினார். வெங்காயத்தை அரிவாள்மணையிலேயே அரிந்தார்.

அதன்பின் ஆறாம் ஆண்டு மாணவர் பதினொருவர் பள்ளிப் பட்டறையில் ஆளுக்கொரு சிறு பலகை செய்தனர். அவர்களுள் ஒருவரும் இரப்பர் மரத்தைக் கண்டதில்லை. அடுக்குமாடிப் பிள்ளைகள், தாத்தா பாட்டி தோட்டத்தில் இருந்தார்கள் என்பதுவரை தெரியும். ஒரு சனிக்கிழமை, நண்பர் ஒருவரின் சிறுதோட்டத்திற்கு அவர்களை அழைத்துச் சென்றேன், அம்மாவும் வந்தார். கத்தி பிடித்த முதல் மாணவனின் வெட்டு நேரே மரத்தில் இறங்கியது. "காயம்!" என்று அம்மா அதட்டிய அதட்டலில் பழைய கங்காணியின் குரல் கேட்டது. பிறகு அவன் மணிக்கட்டைப் பிடித்து, பட்டையை மட்டும் சீவும் அளவைக் காட்டினார். நான்காம் முயற்சியில் வெண்ணிறக் கோடு ஒன்று அரும்பி இறங்கியது. மங்கு கொண்டுவர மறந்திருந்தோம். தண்ணீர்ப் புட்டியின் மூடியில் பிடித்தார்கள்.