கப்பலில் ஒரு சீட்டுப் பள்ளி

நம் கல்லூரியிற் கற்று வெளிப்போந்தோர் பல துறைகளிலும் அமர்ந்து விளங்குதலை நேயர்கள் அறிவார்கள். சகோதரராகிய நாங்கள் இருவரோ, உத்தியோகத்தினின்றும் ஓய்வு பெற்றபின், சீட்டாட்டம் கற்பிக்கும் உபாத்தியாயர்களாய்க் கப்பலேறினோம்.

எங்களூர் காஞ்சியை அடுத்த ஓரிக்கை. குலத்தொழில் பட்டு நெசவு. எங்கள் தெருவிற் சீட்டு என்னுஞ் சொல்லுக்குப் பொருள் இரண்டு: ஒன்று மாதந்தோறும் பணங் கட்டுவது, மற்றொன்று குடியைக் கெடுப்பது. பின்னதை எங்கள் தந்தையார் வீட்டு வாயிலிலும் அனுமதித்தாரல்லர். கோர்வைச் சேலை நெய்கையில் அவர் தறிக்குழியில் அமர்ந்து உடலை நெய்ய, எங்களில் ஒருவன் பக்கத்தே நின்று கரைக்குரிய நாடாவை எறிவான். அவ்வேலையிற் பேச்சுக்கு இடமில்லை. ஒருவர் கை மற்றவர் கையை அறிந்தால் போதும். பிற்காலத்திற் பிரிட்ஜ் ஆட்டத்தில் நாங்கள் எதிரெதிர் அமர்ந்து கூட்டாளிகளாய் ஆடியபொழுது அப்பழக்கமே எங்களுக்கு உதவிற்று. 2018-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரணாப் பர்தன், சிப்நாத் சர்க்கார் என்னும் இருவர் நம் தேசத்துக்குப் பிரிட்ஜில் தங்கப்பதக்கம் பெற்றனர். அவர்களுள் மூத்தவருக்கு அப்போது பிராயம் 60. அச்செய்தியைப் பத்திரிகையில் வாசித்த தந்தையார், "பணம் வைத்து ஆடமாட்டோமென்று சொல்லிவிட்டுப் போங்கள்" என்றார். சொன்னோம்.

கப்பல் சிட்னியினின்றும் புறப்பட்டுப் பசிபிக் மாகடலைக் கடந்து, பனாமாக் கால்வாய் வழியே இங்கிலாந்துக்குச் செல்வது. எங்களுக்குச் சம்பளமில்லை, ஓரறையும் உணவும் மாத்திரமே. துறைமுகத்தில் நிற்கும் நாட்களில் எங்களைத் தேடுவார் ஒருவருமிலர். கடலில் ஓடும் நாட்களிலோ, காலை 10 மணிக்குப் புதியோர்க்குப் பாடமும் பிற்பகலிற் பந்தய ஆட்டமும் உண்டு. கிழக்கு நோக்கிச் செல்லுங்கால் அடிக்கடி கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்களாதலின், மாணாக்கர் பாதி உறக்கத்திலேயே வருவார்கள். தேதிக் கோட்டைக் கடந்தபோது ஒரே செவ்வாய்க்கிழமை இருமுறை வந்தது. முந்திய செவ்வாயின் பாடத்தை மறந்திருந்தோர்க்கு அது மிகவும் வசதியாயிற்று.

ஆட்டம் இதுவே. 52 சீட்டுக்களை நால்வருக்குப் பதின்மூன்றாய்ப் பகுப்பர். ஒருவன் கைக்கு வரக்கூடிய பதின்மூன்று சீட்டுத் தொகுதிகள் 63,501 கோடியே 35 லட்சத்து 59 ஆயிரத்து 600 விதமாமென்று கணிதநூலார் கணக்கிடுவர். துருப்பு இன்னதென்றும், இத்தனை பிடிகள் எடுப்போமென்றும் ஏலத்திற் சொல்லி, அங்ஙனமே எடுத்துக் காட்டல் வேண்டும், தவறினால் தண்டம்.

முதல்நாள் வகுப்பில், "யாவரும் வரலாம், தெரியாதவரென்றும் முதியவரென்றும் இங்கே பேதமில்லை" என்று பெருமிதத்துடன் கூறியிருந்தோம். அதனை நம்பி வந்தவருள் முதிய தம்பதிகள் இருவர் உண்டு. அவ்வம்மையார் ஒருகாலத்தில் நன்றாக ஆடியவராம். இப்பொழுது நினைவு தப்பத் தொடங்கியிருந்தது. துருப்பு யாதென்று நடுவிலே கேட்பார். தம் முறை வந்ததை அறியாது புன்னகை செய்துகொண்டிருப்பார். மற்றையோர் முறையிட்டனர். நாங்களும் அவர் கணவரைத் தனியே அழைத்து, பந்தய ஆட்டத்துக்கு அம்மையாரை அழைத்து வராதிருத்தல் நலமென்றோம். அவர் வாதாடவில்லை. "யாவரும் வரலாமென்றீர்களே" என்று மாத்திரஞ் சொல்லிப் போயினார். அன்றைய ஆட்டம் விரைவாய் முடிந்தது. அனைவரும் எங்களைப் பாராட்டினர்.

கால்வாயின் பசிபிக் வாயிலாகிய பல்போவாவை அணுகும் நாளில், இவ்வாட்டத்தின் வரலாற்றைச் சொல்வது பொருத்தமெனக் கருதினோம். 1925-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் தேதியன்று, லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தினின்றும் ஹவானாவுக்குச் சென்ற பின்லாந்து என்னுங் கப்பல் அவ்விடத்தை நேரங்கழித்து அடைந்து இரவெல்லாம் காத்துநின்றது. அதிலிருந்த ஹெரால்டு வாண்டர்பில்ட் என்னுஞ் செல்வர் தம் நண்பர் மூவருடன் மறுநாள் தாம் வகுத்த புதுக்கணக்கின்படி ஆடினார். முன்னெல்லாம் குறைவாய்ச் சொல்லிவிட்டு மிகுதியாய்ப் பிடித்தாலும் ஆட்ட வெற்றிக்கு அது கணக்காகும். புதிய முறையிலோ சொன்ன அளவுதான் அதற்குக் கணக்கு.

அவ்வளவில் நிறுத்தியிருக்கலாம். எங்கள் ஊர்ப்பெருமை பேசும் ஆசை விடவில்லை. பல்லவ மன்னன் கணிகண்ணனை நாட்டைவிட்டுப் போகச் சொல்ல, அவன் குருவாகிய திருமழிசையாழ்வாரும் உடன் புறப்பட்டார். அவர் அழைத்தபடியே திருவெஃகாப் பெருமாளும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்சென்றார். அவர்கள் தங்கிய ஓரிரவு இருக்கையே ஓரிக்கையாயிற்று என்பர். அரசன் வருந்தி வேண்டவே, மீண்டும் ஆழ்வார் சொற்படி பெருமாள் திரும்பிவந்து படுத்தருளினமையாற் சொன்னவண்ணஞ் செய்த பெருமாள் என்று பெயர் பெற்றார். இதனை விளக்குகையில், எதிரே காலியாயிருந்த இரண்டு நாற்காலிகள் கண்ணிற் பட்டன. அதன்பின் பாடம் ஓடவில்லை.

மாலையில் மேற்றளத்தில் அவ்விருவரையும் கண்டோம். மடிமீது ஒரு பலகை, அதன்மேற் சீட்டுக்கட்டு. நான்கு கைகளையும் பகுத்து அவரே ஆடிக்கொண்டிருக்க, அம்மையார் பார்த்திருந்தார். தவறு செய்தோமென்றும், விருப்பமாயின் இரவுதோறும் நால்வரும் ஆடலாமென்றும் சொன்னோம். கணவர் நெடுநேரம் கடலைப் பார்த்திருந்தார். பின்பு எழுந்து இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டார்.

பல்போவாவின் விளக்குகள் கரையில் தெரிந்தன. கப்பல் நங்கூரமிட்டு நின்றது. அம்மையார் நான்கு ஹார்ட் என்று ஏலங் கேட்டார். அதற்குப் பத்துப் பிடிகள் வேண்டும். துருப்பு யாதென்று மூன்று முறை கேட்டார். எதிரிகளாகிய நாங்களே மூன்று முறையுஞ் சொன்னோம். ஒன்பது பிடிகளே கிடைத்தன.

"ஒன்று குறைந்துவிட்டது" என்று அவர் சிறுமிபோல் நாணினார். மறுநாள் எத்தனை மணிக்கு என்றும் கேட்டார்.

எட்டு மணிக்கு என்றோம். இங்கிலாந்துக் கரை காணுமளவும் எட்டு மணிக்கே சென்றோம்.