நயாகராவில் கூண்டுச் சிப்பிகள்

பள்ளி விடுமுறையில் டொராண்டோவில் இருக்கும் என் அண்ணன் மகனைப் பார்க்கப் போயிருந்தேன். நயாகராவுக்கும் அழைத்துப் போனான். குதிரை லாட அருவி ஏறத்தாழ 57 மீட்டர் உயரம். படத்தில் நீங்கள் பார்த்ததுதான்; அதன் அழகை நான் புதிதாக எழுத என்ன இருக்கிறது? நான் சொல்ல வந்தது அந்த ஆற்றில் கூண்டுக்குள் வைத்த சிப்பிகளைப் பற்றி. நம் தோட்டத்து ஆற்றுச் சேற்றில் காலால் துழாவி எடுப்போமே, மலாய்க்காரர்கள் கிஜிங் என்பார்களே, அதன் உறவுதான்.

அருவிக்கு மேலே, அமெரிக்கக் கரையில் லவ் கெனால் என்றோர் இடம். பாதியில் விட்ட கால்வாய். 1942 முதல் பத்தாண்டுகளுக்கு மேல் சுமார் 21,000 டன் இரசாயனக் கழிவைக் கொட்டி மண்ணால் மூடினார்கள். பிறகு அங்கேயே ஒரு பள்ளிக்கூடம் கட்டினார்கள்! வாத்தியார் வேலை பார்க்கும் எனக்கு இதைக் கேட்டு வயிறு கலங்கியது. 1978இல் நெருக்கடி நிலை அறிவித்த பின்புதான் குடும்பங்களை வெளியேற்றினார்கள். இத்தகைய குழிகள் அக்கரையில் இன்னும் பல. எது ஆற்றில் கசிகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தண்ணீரை மொண்டு சோதித்தால் நஞ்சு மிகச் சொற்பமாக இருக்கும், பிடிபடாது. சிப்பியோ ஓயாமல் தண்ணீரை இழுத்துச் செவுளில் வடிகட்டி இரை தேடுகிறது. பி.சி.பி., டி.டி.டி. போன்றவை எளிதில் அழியாதவை, கொழுப்பில் தங்குபவை. அவை சிறுகச் சிறுகச் சதையில் சேர்ந்துவிடும்.

1983 முதல் கனடாவின் ஒண்டாரியோ மாநிலச் சுற்றுச்சூழல் துறையினர் மாசு குறைந்த பால்சம் ஏரியிலிருந்து சிப்பிகளைக் கொண்டுவந்து, கூண்டிலிட்டு, ஆற்றில் மூன்று வாரம் அமிழ்த்தி வைத்தார்கள். பிறகு சதையைச் சோதித்தார்கள். மேல்பக்கக் கூண்டு சுத்தம், கீழ்ப்பக்கக் கூண்டில் நஞ்சு என்றால் கசிவு இடையில்தானே இருக்க வேண்டும்? வடக்கு டொனவாண்டாவில் ஒரு வடிகால் வாயில் வைத்தவற்றில் டையாக்சின் அகப்பட்டது. ஒரு காலத்தில் பல நாடுகளில் களைக்கு அடித்த 2,4,5-டி மருந்திலும் டையாக்சின் கலந்திருந்தது.

என் அம்மா மருந்தடிக்கும் வேலை பார்த்தவர். மாலையில் பம்பை ஆற்றில்தான் கழுவுவார்கள். கொஞ்சம் கீழே நாங்கள் கிஜிங் பொறுக்குவோம். மஞ்சள் போட்டு அவித்துப் பிரட்டித் தருவார். ஊர் திரும்பியதும் என்ன மருந்து என்று கேட்டேன்.

"டின்னுல எழுதியிருந்ததை யாரு படிச்சா? மண்டோர் கலக்கிக் குடுப்பாரு, நாங்க அடிப்போம்" என்றார். சற்றுப் பொறுத்து, "ஏன்டா, அந்தக் கிஜிங்கைத் தின்னது தப்பா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.