அல்ஸ்வாட்டர் ஏரியிற் படகுப் பந்தயம்

நமது கல்லூரி மலருக்கு வியாசமொன்று எழுதியனுப்புமாறு பத்திராசிரியர் பழைய மாணவனாகிய என்னைப் பணித்தபொழுது, கற்றோர் அவையில் வைக்கத்தக்க பொருள் யாதும் என் கையில் இல்லாமையால் சில நாட்கள் வாளாவிருந்தேன். பின்னர், யான் இங்கிலாந்தின் வடபாகத்தில் ஆராய்ச்சி மாணவனாயிருந்த காலத்து ஓர் ஏரியிற் பாய்ப்படகு செலுத்தப் பழகிய செய்தியை எழுதினால் இளைஞர்கள் படிப்பார்களெனத் தோன்றிற்று. அதில் என் பெருமைக்குரியது ஒன்றும் இல்லை என்பதை முன்னரே சொல்லிவிடுகிறேன்.

அல்ஸ்வாட்டர் என்பது அந்நாட்டு ஏரி மாவட்டத்தில் விண்டர்மியருக்கு அடுத்தபடியான பெரிய ஏரி. நீளம் ஏறக்குறைய ஏழரை மைல். அகலமோ ஒரு மைலுக்கும் குறைவு. நேராகக் கிடவாமல் இருமுறை வளைந்து மலைகளுக்கிடையே கிடக்கின்றது. தென்மேற்கே ஹெல்வெலின் சிகரம் 950 மீட்டர் உயர்ந்து நிற்கும். வடகோடியில் பூலி பிரிட்ஜ் என்னும் சிற்றூர். வோர்ட்ஸ்வொர்த்து என்ற கவிஞர் தம் தங்கையாரோடு 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 15-ஆம் நாள் மஞ்சட் பூக்களின் கூட்டத்தைக் கண்டது இவ்வேரியின் மேற்குக் கரையிலேதான். அந்தப் பாட்டை நம்மில் நெட்டுருப் பண்ணாதவர் சிலரே. ஆனால் அவர் சிறுவனாயிருந்தபோது இதே ஏரியின் தென்கோடியில், பாட்டர்டேல் என்னுமிடத்தில், பிறனொருவனுடைய படகைச் சொல்லாமல் அவிழ்த்துச் சென்றதையும், மலையொன்று எழுந்து தம்மைத் துரத்துவதுபோல் அஞ்சித் திரும்பியதையும் தம் நெடும்பாட்டிற் கூறியிருக்கின்றார் என்பதை யான் அங்கே சென்ற பின்னரே அறிந்தேன்.

2018-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் யான் அவ்வூர்ப் பக்கம் குடியேறினேன். அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற பள்ளியாசிரியர் ஒருவர் இருந்தார். வயது எழுபதைக் கடந்தவர், முழங்கால் நோயுடையவர், சொற்செட்டு மிக்கவர். ஏரிக்கரையிலுள்ள படகோட்டிகள் சங்கத்தில் முப்பத்தோராண்டு உறுப்பினராயிருந்தவர். அவருடன் துணையாளாகச் சென்றவர் வேற்றூருக்கு மாறிப் போனமையால், ஒருநாள் வேலிக்கு அப்பால் நின்று, "உம்முடைய எடை எவ்வளவு?" என்று கேட்டார். யான் திகைத்து, "ஐம்பத்தெட்டுக் கிலோ" என்றேன். "காற்று மெலிந்த நாளுக்கு ஆவீர்" என்றார். என் கல்வி, குலம், கோத்திரம் எதனையும் கேட்கவில்லை.

டிங்கி என்று அவர்கள் வழங்கும் சிறு படகு, பெயரளவில் நம் தேசத்தது. வங்காளத்து ஆற்றுப்படகின் பெயரே ஆங்கிலத்திற் புகுந்தது. பெரியவருடைய டிங்கி ஜி.பி. பதினான்கு என்னும் இனத்தது. 1949-ஆம் ஆண்டில் ஜாக் ஹோல்ட் என்பவர் வரைந்த மாதிரி, பதினான்கடி நீளம், இருவர் செல்வது. வேல்ஸ் தேசத்து அபர்டோவி என்னும் ஊரின் மணிகளை நினைவூட்டும் பொருட்டு அதன் பாயில் ஒரு மணியின் உருவம் பொறித்திருப்பர். கரையில் வேறு இனங்களும் உண்டு. செம்பாய் விரித்த மிரர் என்பது ஒரு பத்திரிகையின் ஆதரவில் 1960-களின் தொடக்கத்தில் எழுந்தது. ஒட்டுப்பலகைகளைச் செப்புக் கம்பியால் தைத்து வீட்டிலேயே கட்டிக்கொள்ளலாமாதலின் உலகெங்கும் 70,000-க்கு மேற்பட்டவை கட்டப்பெற்றன. ஒருவரே செலுத்தும் லேசர் என்பதும் உண்டு. நம் சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், 2021-ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கிற் செலுத்தியது இவ்வினத்தின் சிறு பாயுடைய வகையையே.

இரட்டை உடலுடைய நீண்ட படகொன்றைக் காட்டி, "இது உங்கள் சொல்லன்றோ?" என்றார் பெரியவர் ஒருநாள். கட்டமரான் என்று அதற்குப் பெயர். நம் கடற்கரைக் கட்டுமரமே அது. சொல் மட்டும் கடல் கடந்து சென்று, மரங்களைக் கட்டிய தெப்பத்தை விட்டுவிட்டு இரண்டு ஓடங்களை இணைத்ததன்மேல் ஏறிக்கொண்டது. யான் உண்மையான கட்டுமரம் எத்தகையதென்று விளக்கினேன். இருக்கையில்லை, சுவரில்லை, அலை மேலே ஏறி இறங்கிப் போகும் என்றபோது, அவர் எம் மீனவரைப்பற்றி வியந்து, அன்று முதல் என்னைச் சற்று மதிப்புடன் நடத்தினார். அவர் மதிப்புக்கு யான் உரியவனல்லேன். கட்டுமரத்தில் யான் கால் வைத்ததே இல்லை.

இனம் வேறான படகுகள் ஒருங்கே பந்தயமிட்டால் வெற்றி தோல்வி கணிப்பது எங்ஙனம்? ஒவ்வோரினத்துக்கும் அதன் வேகத்துக்கேற்ப ஓர் எண் உண்டு. சென்ற நேரத்தை ஆயிரத்தாற் பெருக்கி அவ்வெண்ணால் வகுப்பர். ஓரினத்தின் எண் 1100, மற்றொன்றின் எண் 1400 என்று கொள்வோம். முன்னது 55 நிமிஷத்திலும் பின்னது 70 நிமிஷத்திலும் முடித்தால், இரண்டுக்கும் கணக்கில் 50 நிமிஷமே. ஆகவே முதலில் வந்தவன் முதல்வனென்று நீரில் யாரும் சொல்ல இயலாது. கரையேறித் தேநீர் அருந்தியபின்னரே வெற்றி தெரியும். இவ்வேற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. போர்ட்ஸ்மத் என்னும் துறைமுகத்தின் பெயரால் அதனை வழங்குவர்.

சங்கத்திற் கூலியாட்கள் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் முறைவைத்து ஒருவர் பந்தயத்தைத் தொடங்கிவைப்பார். இருவர் மீட்புப் படகிற் காத்திருப்பர். மற்றொருவர் தேநீரும் ரொட்டியும் ஆக்குவர். மருத்துவர் ஒருவர் பாத்திரம் கழுவியதையும், தச்சர் ஒருவர் கொம்பூதி அவரைப் பந்தயத்திற் செலுத்தியதையும் யான் கண்டிருக்கின்றேன்.

முதல் ஞாயிறே படகு கவிழ்ந்தது. காற்று மலையிடுக்கின் வழியே திடீரென்று இறங்கும். நீரின்மேல் கரிய நிழலொன்று விரைந்து வருவதுபோல் தோன்றும். அந்நிழல் படகை எட்டுமுன் பாய்க்கயிற்றைத் தளர்த்தி உடலை வெளியே சாய்க்க வேண்டும். யான் நிழலின் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுகணம் நீரிற் கிடந்தேன். மிதவைச் சட்டை என்னைத் தூக்கிப் பிடித்ததாயினும், அந்நீரின் குளிர்ச்சியால் மூச்சு நின்றுவிடுமோ என்றஞ்சினேன். பெரியவரோ சாய்ந்த படகின் நடுப்பலகைமேல் ஏறி நின்று, விளிம்பைப் பற்றிப் பின்னுக்குச் சாய்ந்து படகை நிமிர்த்தினார். அந்த முழங்காலுடன் எங்ஙனம் ஏறினாரென்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. "இனி நிழலைப் பார்த்தால் சொல்லும்" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

காற்றை எதிர்த்துப் படகு நேரே செல்லாது. குறுக்கு நெடுக்காக, ஏறத்தாழ நாற்பத்தைந்து பாகைச் சாய்வில், வலமும் இடமும் மாறி மாறி ஏறவேண்டும். தென்றல், வாடை, கோடை, கொண்டல் என்று நாம் இலக்கியத்திற் படித்த நான்கு காற்றுகளையும் யான் கன்னத்தால் அறியக் கற்றது அங்கேதான். பந்தய விதிகளும் சில கற்றேன். வலப்புறத்திலிருந்து காற்றைப் பெறும் படகுக்கு இடப்புறத்திலிருந்து பெறும் படகு வழிவிட வேண்டும். எல்லை குறிக்கும் மிதவையைப் படகு தொடலாகாது. தொட்டால், உடனே விலகிச் சென்று ஒரு முழுச் சுற்றுச் சுற்றிய பின்னரே மேலே செல்லலாம். இவற்றைக் கண்காணிக்க நீரில் நடுவர் எவரும் இல்லை. தொட்டவனே தன்னைத் தண்டித்துக்கொள்கிறான்.

இலையுதிர்காலப் பந்தயங்கள் ஆறு ஞாயிறுகள் நடைபெறும். முதலிடத்துக்கு ஒரு புள்ளி, இரண்டாமிடத்துக்கு இரண்டு. குறைந்த புள்ளியுடையவர் வெற்றி பெறுவர். மிக மோசமான ஒரு நாளைத் தள்ளிவிடலாம். பெரியவர் தம் மனைவியாரின் சிகிச்சையின் பொருட்டு ஒரு ஞாயிறு வரவில்லை. அவர் தள்ளத்தக்க நாள் அதனோடு கழிந்தது. கடைசி ஞாயிறன்று, அவரும் லேசர் செலுத்திய மேற்சொன்ன மருத்துவ அம்மையாரும் சமப்புள்ளியில் நின்றனர். சங்கத்தின் சுவரில் வென்றோர் பெயர் பொறித்த மரப்பலகை உண்டு. முப்பத்தோராண்டில் பெரியவர் பெயர் அதில் ஒருமுறையேனும் ஏறவில்லை. அடுத்த கோடையிற் படகை விற்றுவிட எண்ணியிருப்பதாக அவர் மனைவியார் என்னிடம் தனியே சொல்லியிருந்தார்.

அது அக்டோபர் 28-ஆம் நாள். அந்நாட்டில் கடிகாரங்களை ஒரு மணி பின்னுக்கு வைக்கும் நாளாதலின், மாலை ஐந்து மணிக்கு முன்னரே இருட்டிவிடும். கரையிலுள்ள பெரணிச் செடிகள் துருவின் நிறம் கொண்டிருந்தன. வாடைக்காற்று. 1877-ஆம் ஆண்டில் மிதக்கவிடப்பெற்று இன்றும் ஓடும் பழைய கப்பலொன்று எங்களைக் கடந்து சென்றது; அதன்மேல் நின்ற யாத்திரிகர்கள் எங்களைப் பைத்தியக்காரரென்றே எண்ணியிருப்பர். ஐந்து நிமிஷம் இருக்க ஒரு கொம்பொலி, நான்கு நிமிஷம் இருக்க ஒன்று, ஒரு நிமிஷம் இருக்க ஒன்று, பின்னர்ப் புறப்பாடு. நன்றாகப் புறப்பட்டோம். என் விரல்கள் மரத்துப்போயினவாயினும் யான் நிழல்களைச் சரியாகச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

மூன்றாம் சுற்றில், காற்றின் தலைப்பிலிருந்த செம்மஞ்சள் மிதவையைச் சுற்றுங்கால், படகு வளைந்து திரும்பிற்று. யான் முன்பாயைத் தளர்த்துவதற்காக உள்ளே குனிந்தேன். அப்பொழுது மிதவையின் ஈரப் பக்கம் படகின் இடப்புறத்தை மெல்ல உரசிச் சென்றதைக் கண்டேன். ஒலியில்லை. பெரும்பாய் இடையே தட்டியாக நின்றமையின் பெரியவர் காணவில்லை. பின்னால் வந்த படகு வெகுதூரத்திலிருந்தது.

"தொட்டது" என்ற ஒரு சொல் போதும். அச்சொல் என் நாவில் இருந்தது. பெரியவர் முகத்தைப் பார்த்தேன். அவர் பாயின் உச்சியை நோக்கிச் சிறுபிள்ளைபோல் மகிழ்ந்திருந்தார். இன்னும் ஒரு கணம் கழித்துச் சொல்வோமென்று நினைத்தேன். ஒரு கணம் வாய்மூடியிருந்தவனுக்கு அடுத்த கணம் பேசுவது இருமடங்கு கடினம். அரை நிமிஷத்துக்குப்பின் அஃது இயலாத காரியமாகிவிட்டது. அவர் நன்மைக்காகவே மௌனமாயிருக்கிறேனென்று எனக்கு நானே வாதித்துக்கொண்டேன். அவ்வாதத்தை யான் முற்றிலும் நம்பவில்லை. முடிவுக் கோட்டைக் கடந்தபொழுது ஊதிய கொம்பு என் செவிக்கு இன்பம் தரவில்லை.

கரையிற் படகை வண்டியிலேற்றி இழுத்து வந்தோம். அவர் பாயைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தார். "மூன்றாம் சுற்றில் மேல் மிதவை நம்மைத் தொட்டது, யான் கண்டேன்" என்றேன். அவர் கை நின்றது. "நிச்சயமாகவா?" என்றார். "நிச்சயம்." "அப்பொழுதே ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார். "நீங்கள் வெல்லவேண்டுமென்று" என்று தொடங்கி, வாக்கியத்தை முடிக்க இயலாமல் நின்றேன். அவர் சினக்கவில்லை. பாயைப் பைக்குள் வைத்துக் கட்டினார். முடிச்சைக்கூட இருமுறை சரிபார்த்தார். பின்னர் நொண்டிக்கொண்டே பந்தய அறைக்குச் சென்று, தாம் பந்தயத்திலிருந்து விலகியதாக ஏட்டில் எழுதிக் கையெழுத்திட்டார். சுற்றவேண்டிய சமயம் கடந்துவிட்டபின் அதுவே வழி.

அன்று கணக்குப் பார்த்தவர் இளைஞர் ஒருவர், விஷயமறியாதவர். "ஐயோ, நீங்கள் நாற்பத்தொரு வினாடி முன்னால் இருந்தீர்களே!" என்றார். ஒரு முழுச் சுற்றுக்கு எங்கள் படகு எடுத்துக்கொள்வது பதினைந்து வினாடி, மிஞ்சினால் இருபது. அந்தக் கழித்தலைச் செய்ய எனக்கு ஏடும் எழுதுகோலும் தேவைப்படவில்லை. பெரியவரும் செய்திருப்பார், கணக்காசிரியராயிருந்தவர். "அப்படியா" என்று மட்டும் சொல்லி, எனக்கொரு கிண்ணத் தேநீர் வாங்கி வந்து கையிற் கொடுத்தார். மருத்துவ அம்மையார் வந்து அவர் கையைப் பற்றிக் குலுக்கினார். பலகையில் அவ்வம்மையாரின் பெயர் பொறிக்கப்பட்டது.

அவ்வாரம் முழுதும் யான் வேலிப் பக்கம் செல்லவில்லை. சனிக்கிழமை மாலை அவரே வேலியருகில் வந்து, மறுநாள் முதல் நவம்பர்ப் பந்தயங்கள் தொடங்குகின்றனவென்றும், காலை ஒன்பதரைக்குப் புறப்பட வேண்டுமென்றும், கம்பளிக் காலுறை இரண்டு சோடி எடுத்துவருமாறும் சொல்லிச் சென்றார்.

மறுநாட் காற்று மிக மெலிந்திருந்தது. என் எடைக்கேற்ற நாள். முதற் சுற்றில் மேல் மிதவையை மயிரிழையிற் கடந்தோம்.

"தொட்டதா?" என்றார், பாயினின்று கண்ணெடாமல்.

"இல்லை" என்றேன்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று ஏழாவதாக வந்தோம்.