இரு சக்கரமும் நாற்சக்கரமும்

மலருக்கு ஒரு கட்டுரை தருக என மலர்க் குழுவினர் பணித்தபோது, நம் ஆசிரியப் பெருமக்களைப் பற்றியோ துடுப்பாட்டப் போட்டிகளைப் பற்றியோ எழுதலாமென்றே முதலில் எண்ணினோம். அவற்றை எழுத வல்லார் பலர் உளர். நாம் எழுதத் துணிந்ததோ ஒரு குற்ற ஒப்புதல். அது வீதியிலே சைக்கிளுக்கும் காருக்கும் இடையே நிகழும் வழக்கைப் பற்றியது. அவ்வழக்கில் நாம் வாதியாகவும் நின்றோம், பிரதிவாதியாகவும் நின்றோம்.

எழுபதுகளின் முற்பகுதியில், தந்தையார் ஓடிப் பழகிய றலி சைக்கிள் ஒன்று நம் கைக்கு வந்தது. காங்கேசன்துறை வீதி வழியே நாள்தோறும் கல்லூரிக்கு வருவோம். ஒரு மாரிக்காலக் காலை. வீதியோரமெங்கும் வெள்ளம். வெள்ளத்தின் அடியிலே குழி உண்டோ இல்லையோ என்றறியாத சைக்கிள்காரன், சற்றே நடுவீதிப் பக்கம் ஒதுங்கியே ஓடுவான். நாமும் அவ்வாறே ஓடினோம். பின்னால் வந்த மொறிஸ் மைனர் கார் ஒன்று இடைவிடாது ஹோண் அடித்து, நம் கைபிடியை உரசுமாப்போல முந்திச் சென்றது. நாம் வேலியோடு போய் விழுந்தோம். வெள்ளைச் சட்டை சேற்று நிறமாயிற்று. முன்னே சென்ற கார் நின்றது. கண்ணாடி இறங்கியது.

“கண் தெரியேல்லையோ? றோட்டு உன்ர கொப்பன்ர சொத்தோ?”

பிழை நம்முடையதன்று. ஆயினும், “மன்னிச்சுக் கொள்ளுங்கோ ஐயா” என்ற சொல்லே நம் வாயினின்றும் வந்தது. கார் உடையவர் பெரியவர், சைக்கிள் உடையவன் சிறியவன் என்பது வீதியின் எழுதா இலக்கணம். அன்று முதல், கார்க்காரர் என்போர் இரக்கமற்ற ஒரு தனிப் பிறவியினர் என்று நாம் முடிவு செய்துகொண்டோம்.

இப்பகை உடன்பிறந்தார் பகை என்பதைப் பிற்காலத்திலேதான் படித்தறிந்தோம். நம்மை வேலியோடு சாய்த்த அந்தக் காருக்குப் பெயர் தந்த வில்லியம் மொறிஸ், ஒக்ஸ்போர்ட் நகரிலே சைக்கிள் திருத்தித் தொழில் தொடங்கியவர். காற்றடைத்த ரயரை டன்லப் அமைத்தது தம் மகனின் முச்சக்கர மிதிவண்டிக்காகவே. கார் அதனைப் பின்னரே கடன் வாங்கியது. தமையனின் தோளில் ஏறி வளர்ந்த தம்பி, தமையனையே வீதியினின்றும் தள்ளுகின்றான் போலும்!

1990 ஆம் ஆண்டின் பின் வந்த பொருளாதாரத் தடை இவ்வேற்றுமையைச் சில காலம் துடைத்தெறிந்தது. பெற்றோல் அரும்பொருளாயிற்று. சில கார்கள் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடின. பல கொட்டிலிலே உறங்கின. வைத்தியரும் விரிவுரையாளரும் வங்கி முகாமையாளரும் சைக்கிளிலேயே சென்றனர். மின்சாரமற்ற இரவுகளில் சைக்கிளைக் கவிழ்த்து, சக்கரத்தைச் சுற்றி, டைனமோவின் துணையால் வானொலிச் செய்தி கேட்டோம். ஆகவே சைக்கிளின் அருமை நாம் அறியாததன்று. இருந்தும் நடந்ததைக் கேளுங்கள்.

2009 இல் கண்டி வீதி திறந்தபின், பலரைப் போல நாமும் ஒரு கார் வாங்கினோம். சில ஆண்டுகள் கழிந்தன. ஒரு நண்பகல், அதே காங்கேசன்துறை வீதியில் ஒரு கடையோரம் காரை நிறுத்தி, பின்னே பாராமல் கதவைத் திறந்தோம். படாரென்ற ஓசை. ஒரு மாணவன் கதவில் மோதி வீதியில் விழுந்தான். பின்னால் வந்த பஸ் அவனுக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றது.

நம் வாயினின்றும் வந்த முதற் சொல் யாது? “கண் தெரியேல்லையோ?”

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நாம் வெறுத்து வந்த அந்தக் குரல் நம் தொண்டைக்குள்ளேயே குடியிருந்திருக்கின்றது! அச்சத்தால் வந்த கோபமென்று பின்னர் நமக்கு நாமே சமாதானம் கூறிப் பார்த்தோம். மனம் ஏற்கவில்லை. அப்பையன் எழுந்தான். முழங்காலில் இரத்தம். முன்சக்கரத்தைத் தொடைகளுக்கிடையே இறுக்கி, கோணிய கைபிடியை நிமிர்த்தினான். பின் தலை குனிந்து, “என்ர பிழைதான் ஐயா” என்றான். அவன் சட்டையிலே நம் கல்லூரிச் சின்னம் இருந்தது.

அவன் பிழை யாதுமில்லை. அதனை அவனிடம் அங்கேயே கூறினோம். சைக்கிள் கடைக்கு அழைத்துச் சென்று திருத்துவித்தோம். ஆயினும் அவன் முகத்தில் நம்மையே கண்ட அக்கணம் இன்றும் நீங்கவில்லை. கார்க்காரர் தனிப் பிறவியினர் அல்லர்; இருக்கை மாறிய சைக்கிள்காரரே. 2022 இல் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசை நின்ற காலத்து, நாம் மீண்டும் சைக்கிள் ஏறினோம். நிறுத்தியிருந்த ஒவ்வொரு காரின் கதவும் அப்போது நம்மை அச்சுறுத்தியது.

அதே 2022 ஆம் ஆண்டில் பிரித்தானியர் தம் வீதி ஒழுங்குக் கோவையைத் திருத்தினர். மிகுந்த தீங்கு செய்ய வல்ல வண்டிக்கே மிகுந்த பொறுப்பு என்பது அதன் சாரம். சைக்கிளை முந்துவோர் மணிக்கு 30 மைல் வேகம் வரையும் குறைந்தது 1.5 மீற்றர் விலகுக என்றும், கதவுக்கு அப்பாலுள்ள கையால் கதவைத் திறக்க என்றும் அது கூறுகின்றது. நம் நாட்டிலும் சாரதி வலப்பக்கமே இருப்பதால், இடக்கையால் திறத்தல் வேண்டும். அப்போது உடல் தானே திரும்பும். கண் பின்னே செல்லும். இதற்குச் செலவு ஒரு சதமுமில்லை. வேகம் இரட்டித்தால் மோதலின் சக்தி நான்கு மடங்காகும் என்பதை, பௌதிகம் படித்த நமக்கு எவரும் நினைவூட்ட வேண்டியதில்லை.

மாணவத் தம்பிகளே, உங்களுக்கும் ஒரு சொல். மூவர் ஒருங்கே அணிவகுத்து ஓடாதீர். விளக்கின்றி இரவில் செல்லாதீர். ஆனால் பிழை உங்களதன்றாயின், மன்னிப்புக் கேளாதீர்.

பழைய மாணவ அன்பர்களே, விழாவுக்குக் காரில் வருவீர்கள். கல்லூரி வாயிலில் இறங்குமுன், தயைகூர்ந்து இடக்கையால் கதவைத் திறவுங்கள். பின்னே சைக்கிளில் வருபவன் நேற்றைய நீங்களே.