எங்க இருக்கீங்கண்ணே?

பிவண்டி கிடங்கில் உட்கார்ந்துகொண்டு ஒரு நாளைக்கு நான் அதிகம் சொல்லும் வாக்கியம் இதுதான். இங்கே லோடு கொண்டுவரும் டிரைவர்களில் நாமக்கல், சங்ககிரிக்காரர்கள் நிறைய. தமிழிலேயே கேட்டு விடலாம். அதில் ஒரு சந்தோஷம் வேறு!

போன குளிர்காலத்தில் ஒரு ராத்திரி. மேனேஜர் என்னை விரட்ட, நான் டிரைவர் அண்ணனை விரட்டினேன். ஒரு மணி நேரத்தில் நாலாவது தடவை.

"சத்தாரா தாண்டிட்டேனுங்க சார். ஓட்டிட்டு இருக்கேன், அப்புறமா..."

"ஒரே நிமிஷம்ணே, இன்வாய்ஸ் நம்பர் மட்டும் பார்த்துச் சொல்லிடுங்க."

ஹாரன் சத்தம். பிரேக் கிறீச்சிட்டது. லைன் கட். திரும்பக் கூப்பிடவும் பயம், கூப்பிடாமல் இருக்கவும் பயம். இருபது நிமிஷம் கழித்து அவரே கூப்பிட்டார். முன்னால் கரும்பு டிராக்டராம், பின்விளக்கே இல்லையாம். "ஒண்ணும் ஆகலைங்க, ஓரங்கட்டிட்டேன். நம்பர் எழுதிக்கிறீங்களா?" என்றார். எழுதிக்கொண்டேன், கை நடுங்க.

மறுநாள் சட்டத்தைத் தேடிப் படித்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 184-வது பிரிவு. 2019 செப்டம்பரில் வந்த திருத்தப்படி, போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவதும் ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்தி. முதல் தடவை 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது 6 மாதம் முதல் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும். 2020 அக்டோபர் முதல், கவனம் சிதறாதபடி வழி பார்க்க மட்டும் விலக்கு உண்டு. லைசென்ஸையும் நிறுத்தி வைக்கலாம். குறைந்தது 3 மாதம் நிறுத்துங்கள் என்று உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015-லேயே சொல்லியிருக்கிறது. சொந்தக் கார் வைத்திருப்பவர் 3 மாதம் ஆட்டோவில் போய்க்கொள்வார். லாரி டிரைவர் வீட்டில் அடுப்பு எரியாது.

சரி, கூப்பிட்டவனுக்கு என்ன? அந்தப் பிரிவில் ஓட்டுகிறவர் மட்டும்தான். நான் இல்லை, மேனேஜர் இல்லை.

60 கிலோமீட்டர் வேகத்தில் 3 விநாடி காகிதத்தைப் பார்த்தால் வண்டி 50 மீட்டர் போயிருக்கும். முன்பெல்லாம் கிளீனர் போனை எடுப்பார். இப்போது நிறைய வண்டிகளில் டிரைவர் மட்டும்தான். இத்தனைக்கும் எல்லா வண்டியிலும் ஜிபிஎஸ்! புள்ளி நகர்கிறதா, நிற்கிறதா என்று என் திரையிலேயே தெரியும். தெரிந்தும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது புள்ளி நகர்ந்தால் கூப்பிடுவதில்லை. நேற்றும் மேனேஜர் வந்து நின்றார்.

"வண்டி நிக்கட்டும் சார், கேக்கறேன்" என்றேன். முறைத்துவிட்டுப் போனார்.