ஐபோனும் ஆண்ட்ராய்டும் ஒரே மேஜையில்! - ரிச்சி ஸ்ட்ரீட் ரவுண்டு

எங்க ஹாஸ்டல்ல ரெண்டே கட்சிதான் பாஸ். ஒண்ணு ஐபோன் கட்சி, இன்னொண்ணு ஆண்ட்ராய்டு கூட்டணி. கூட்டணிக்குள்ளேயும் சாம்சங், ஒன்பிளஸ், ரெட்மினு ஓயாத உள்கட்சிப் பூசல். மெஸ் சாம்பாருக்கு எதிரா ஒண்ணா குரல் கொடுக்கிற பசங்க, 'யார் கேமரா கெத்து?'னு கேட்டா மட்டும் ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியைத் திருப்பிப்பாங்க.

நான் ரெட்மி. நாலு வருஷப் பழசு. குரூப் போட்டோ எடுக்கும்போது என் போனை ஒருத்தனும் கேட்க மாட்டான். போன வாரம் அதுவும் மாடிப்படியில உருண்டு, டிஸ்ப்ளே சிலந்தி வலை ஆயிடுச்சு. 'இதான் சான்ஸ்... கட்சி மாறிடு மச்சி'னு ரூம்மேட் ஏத்திவிட்டான். எட்டு மாசம் டியூஷன் எடுத்துச் சேர்த்த 18,000 ரூபாய் கையில. 'அடுத்த செமஸ்டர் ஹாஸ்டல் ஃபீஸை நானே கட்டிடறேன்பா'னு அப்பாகிட்ட சவடால் விட்ட அதே காசு! செகண்ட் ஹேண்ட் ஐபோன் வாங்கியே தீர்றதுனு கிளம்பிட்டேன்.

சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயில் ஸ்டேஷன்ல இறங்கி நடந்தாலும் சரி, அரசினர் தோட்டம் மெட்ரோவுல வந்தாலும் சரி... அண்ணா சாலையை ஒட்டியே இருக்கு அந்தச் சந்து சாம்ராஜ்யம். (ஞாயிற்றுக்கிழமை போனா பெரும்பாலும் ஷட்டரைத்தான் பார்க்கணும், உஷார்!) ரெசிஸ்டர்ல ஆரம்பிச்சு சிசிடிவி வரைக்கும் கொட்டிக் கிடக்கு. பைக், தள்ளுவண்டி, தலையில அட்டைப்பெட்டினு எல்லாத்தையும் உரசிக்கிட்டு நாலு அடி வைக்கிறதுக்குள்ள, 'டிஸ்ப்ளேவா தம்பி, பேட்டரியா?'னு பத்துக் குரல். மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கும் போல!

கட்டில் சைஸ்ல ஒரு சர்வீஸ் கடை. அண்ணன் ஒரே மேஜையில ஐபோன், சாம்சங், விவோ மூணையும் பிரிச்சுப் போட்டிருந்தார். பின்பக்க லோகோ இல்லேன்னா எது எதுன்னே தெரியல.

"இன்ஜினீயரிங்னு சொல்றே... உள்ளே யார் இருக்காங்கனு தெரியுமா?"னு கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சார். 2017-ல வந்த ஐபோன் எக்ஸுக்கு ஓஎல்இடி ஸ்க்ரீன் செஞ்சு கொடுத்ததே சாம்சங். 2016-ல ஆப்பிள் ஹெட்போன் ஓட்டையை எடுத்ததை விளம்பரம் போட்டுக் கிண்டல் பண்ணின சாம்சங், 2019-ல நோட் 10-ல தானும் எடுத்துடுச்சு. 2020-ல ஐபோன் 12 பெட்டியில சார்ஜர் இல்லைனு சிரிச்சாங்க. அடுத்த ஜனவரியில எஸ் 21 பெட்டியிலயும் அது காணோம்! ரியல்மி 2018-ல ஓப்போ வீட்டுல பிறந்த பிள்ளை. போகோவும் அதே வருஷம் ஷியோமி வீட்டுல பிறந்ததுதான்.

"சண்டை விளம்பரத்துல... சம்பந்தம் ஃபேக்டரியில!"னு சிரிச்சார் அண்ணன்.

"அப்போ கெத்துனு சொல்றது?"

டிராயரைத் திறந்து ஒரு நோக்கியா 1100-ஐ வெச்சார். 2003-ல வந்து, உலகம் முழுக்க 25 கோடிக்கும் மேல வித்த மாடல். "இது கையில இருந்தாலே மாப்பிள்ளை முறுக்குதான் அப்போ." நோக்கியா 2006-ல ஸ்ரீபெரும்புதூர்ல ஃபேக்டரி திறந்தாங்க. 2014 நவம்பர்ல அது மூடியாச்சு, ஆயிரக்கணக்கானவங்களுக்கு வேலை போச்சு. அந்த இடத்தை அப்புறம் வாங்கின சால்காம்ப், ஆப்பிளுக்கு சார்ஜர் சப்ளை பண்ற கம்பெனி. அதே ஊர்ல ஃபாக்ஸ்கான் 2019-லேயே ஐபோன் எக்ஸ்ஆர் தயாரிக்க ஆரம்பிச்சிடுச்சு. கெத்து எப்படியெல்லாம் கை மாறுது பாருங்க!

பக்கத்துக் கடையில என் பட்ஜெட்டுக்கு ஒரு ஐபோன் இருக்கத்தான் செஞ்சது. கையில வாங்கிப் பார்த்தேன். சத்தியமா சொல்றேன், மனசு ஆடிருச்சு. பேட்டரி ஹெல்த் 74. அப்பா முகமும் கூடவே வந்து நின்னுச்சு. திருப்பிக் கொடுத்துட்டு, அண்ணன்கிட்டயே வந்து ரெட்மிக்கு காம்போ மாத்தச் சொன்னேன். பேரம் பேசி 1,900 ரூபாய். நாப்பது நிமிஷத்துல போன் பளபளன்னு கைக்கு வந்துச்சு. மிச்சக் காசு சாயங்காலமே ஹாஸ்டல் ஃபீஸ் கணக்குல ஏறிடுச்சு.

"என்னடா, கட்சி மாறலையா?"னு ரூம்மேட் இன்னும் ஓட்டுறான். குரூப் போட்டோவுக்கு இப்பவும் என் போனை யாரும் கேட்கிறதில்லை. ஐபோன்காரன்தான் எப்பவும் போட்டோகிராபர்.

அதனால என்ன பாஸ்... எல்லா போட்டோவுலயும் நான் இருக்கேன்!