ஜெபமும் ஒரு சிவப்பு மாத்திரையும்



பல ஆண்டுகளுக்கு முன், நான் ஊழியம் செய்த ஒரு கிராமச் சபையில், கருவுற்று நான்காம் மாதத்திலிருந்த ஓர் இளம் சகோதரியின் வீட்டிற்கு ஜெபிக்கச் சென்றிருந்தேன். சுகாதார நிலையத்தில் கொடுத்த சிவப்பு மாத்திரைகளை அவள் எடுத்துவந்து காட்டினாள். "ஐயா, இதைப் போட்டால் குமட்டுகிறது. பிள்ளை கறுத்துப் பிறக்கும் என்று அத்தையும் சொல்கிறார்கள். போட்டுத்தான் ஆக வேண்டுமா?" என்று கேட்டாள். இன்னும் மூன்று வீடுகளுக்குப் போக வேண்டிய அவசரத்தில் இருந்த நான், "கர்த்தர் பார்த்துக்கொள்வார் அம்மா, ஜெபிப்போம்" என்று சொல்லி, ஜெபித்துவிட்டு எழுந்தேன்.

அதை அவள் அனுமதியாக எடுத்துக்கொண்டாள் என்பது எட்டாம் மாதத்தில்தான் எனக்குத் தெரிந்தது. மூச்சு வாங்கி, கால் வீங்கி மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது, குறைந்தது 11 இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 6 ஆக இருந்தது. நம் வாலிபர் இருவர் இரவோடு இரவாக இரத்தம் கொடுத்தார்கள். கர்த்தருடைய கிருபையால் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அன்று மருத்துவமனை வராந்தாவில் கிராமச் செவிலியர் என்னிடம், "நான் பத்து முறை சொன்னேன் ஐயா. நீங்கள் ஒரு முறை சொல்லியிருந்தால் போட்டிருப்பாள்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அந்த வாரம் நியாயாதிபதிகள் 13ஆம் அதிகாரத்தை மறுபடியும் வாசித்தேன். சிம்சோன் பிறக்கும் முன், கர்த்தருடைய தூதனானவர் மனோவாவின் மனைவிக்குத் தரிசனமாகி, அவள் எதை உண்ணலாகாது, எதைக் குடிக்கலாகாது என்று சொல்லுகிறார். பின்பு மனோவா, பிறக்கும் பிள்ளையை எப்படி வளர்க்க வேண்டும் என்று கேட்கிறான். தூதனானவரோ தாயின் ஆகாரத்தைக் குறித்த கட்டளைகளையே அவனிடமும் திரும்பச் சொல்லுகிறார். பிள்ளையைக் குறித்த கேள்விக்குத் தாயின் உணவே பதிலாக வருகிறது; அதைக் கேட்கும் பொறுப்பு கணவனுக்கும் இருக்கிறது. வாக்குத்தத்தம் பண்ணின தேவன் அவளுடைய உணவை அற்பமாக எண்ணவில்லை. நான் அற்பமாக எண்ணினேன்.

பிரியமானவர்களே, கர்ப்ப காலத்தில் தாயின் உடல் தனக்கும் கருவுக்குமாக அதிக இரத்தத்தை உண்டாக்க வேண்டியிருக்கிறது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் கர்ப்பிணிகளில் பாதிக்கு மேற்பட்டோர், அதாவது 52.2 சதவீதம் பேர், இரத்தசோகை உள்ளவர்கள். அரசு தரும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. நான்காம் மாதம் முதல் தினமும் ஒன்றாக 180 நாட்களும், பிரசவத்திற்குப் பின் மேலும் 180 நாட்களும் அதை எடுக்கச் சொல்லுகிறார்கள். பிள்ளையின் மூளைக்கும் தண்டுவடத்திற்கும் அடித்தளமான நரம்புக்குழாய் கரு உண்டாகி நான்கு வாரத்திற்குள் மூடிவிடுவதால், குழந்தைக்காகக் காத்திருக்கும் சகோதரிகள் முன்னதாகவே மருத்துவரிடம் ஃபோலிக் அமிலத்தைப் பற்றிக் கேட்பது நல்லது.

மாத்திரையால் பிள்ளை கறுக்காது. மலம் கறுப்பாகப் போகும். அதற்குப் பயப்பட வேண்டாம். குமட்டலோ மலச்சிக்கலோ இருந்தால், நிறுத்திவிடாமல் செவிலியரிடம் சொல்லுங்கள். எடுக்கும் நேரத்தை மாற்றித் தருவார்கள். தேநீரோ காப்பியோ கால்சியம் மாத்திரையோ அதனுடன் வேண்டாம். எலுமிச்சைச் சாறு உதவும். அதே வேளையில், பிறர் சொன்னார்கள் என்று கடையில் சத்து மாத்திரைகளை வாங்கி விழுங்குவதும் ஆபத்தே. உதாரணமாக, வைட்டமின் ஏ அளவுக்கு மிஞ்சினால் கருவையே பாதிக்கும்.

கணவன்மாரே, மாமியார்மாரே, மனோவாவைப் போல நீங்களும் கேட்டறியுங்கள். அவள் சாப்பிட்டாளா என்று இரவில் ஒரு வார்த்தை விசாரிப்பதும் அன்பின் ஊழியமே.

இப்பொழுதெல்லாம் கர்ப்பவதியின் வீட்டிற்குச் சென்றால், ஜெபத்திற்கு முன் நான் ஒரு கேள்வி கேட்பதை நீங்கள் அறிவீர்கள்: "இன்றைக்கு மாத்திரை போட்டாயா அம்மா?" இளம்பெண்கள் சிலர் சிரிப்பதுண்டு. சிரிக்கட்டும். பதிலைக் கேட்ட பிறகே நான் கண்களை மூடுகிறேன்.

கர்த்தர் தாமே நம் வீடுகளிலுள்ள தாய்மாரையும், அவர்கள் சுமக்கும் பிள்ளைகளையும் காப்பாராக. ஆமென்.